அட்ரினல், அட்ரினலின், அட்ரினெர்ஜிக்: எதை எங்கே எழுதுவது?

சொல்தேடி | பதிவு 1

நோயாளி கையில் கொடுக்கும் மருந்துத் துண்டறிக்கையைத் தமிழாக்குவது பற்றிய கேள்வி. மருந்து, சிறுநீர் எளிதாகப் போக உதவும் டாம்சுலோசின். மூலத்தில் ‘ஆல்ஃபா-1 அட்ரினெர்ஜிக் ரிசப்டார் பிளாக்கர்’ என்று இருக்கிறது. அட்ரினல் என்றால் அண்ணீரகம், ரிசப்டார் என்றால் ஏற்பி (செல்லில் ஹார்மோனோ மருந்தோ வந்து பொருந்தும் இடம்). ஆகவே முதல் வரைவில் ‘ஆல்ஃபா-1 அண்ணீரக ஏற்பித் தடுப்பான்’ என்று இருக்கிறது. இது சரியா? கூடவே இன்னொன்று: சில தாள்களில் அட்ரினலின், சிலவற்றில் எபிநெஃப்ரின். இரண்டும் ஒன்றா, வேறா?

மாத்திரைப்பெட்டி | பதிவு 2

தவறு. சின்னத் தவறும் இல்லை. அந்த வரியைப் படிக்கும் நோயாளி, சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பியை இந்த மாத்திரை அடைத்துவிடும் என்றுதான் நினைப்பார். டாம்சுலோசின் அந்தச் சுரப்பியின் பக்கமே போவதில்லை. புராஸ்டேட்டிலும் சிறுநீர்ப்பையின் கழுத்திலும் உள்ள மென்தசையைத் தளர்த்துகிறது, அவ்வளவுதான்.

மூன்று சொற்களையும் தனித்தனியாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அட்ரினல் என்பது இடத்தைக் குறிக்கும் உடற்கூற்றுச் சொல். லத்தீனில் ‘அட்’ என்றால் அருகில், ‘ரேனெஸ்’ என்றால் சிறுநீரகங்கள். அண்மை, நீரகம் இரண்டையும் சேர்த்து அண்ணீரகம் என்று தமிழில் ஆக்கியிருப்பது அழகான ஆக்கம். ஆனால் அது சுரப்பிக்கு மட்டும்தான் பொருந்தும்.

அட்ரினலின் என்பது பொருள். அந்தச் சுரப்பியின் அகணியில் (உட்பகுதியில்) உருவாகும் ஒரு ஹார்மோன். புறணியில் (வெளிப்பகுதியில்) உருவாகும் கார்டிசோலுக்கும் அல்டோஸ்டிரோனுக்கும் இதற்கும் வேதியியல் உறவு எதுவும் இல்லை.

அட்ரினெர்ஜிக் என்பது செயல். கிரேக்கத்தில் ‘எர்கோன்’ என்றால் வேலை. 1933இல் ஹென்றி டேல் இந்தச் சொல்லையும் ‘கோலினெர்ஜிக்’ என்ற சொல்லையும் சேர்த்தே உருவாக்கினார். நரம்பு எந்த மண்டலத்தைச் சேர்ந்தது என்பது ஒரு கேள்வி, அதன் முனையில் எந்தப் பொருள் வெளிவருகிறது என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லிக் குழம்பிக்கொண்டிருந்தார்கள். உதாரணம் வியர்வைச் சுரப்பி: அதற்குப் போகும் நரம்பு உடற்கூற்றின்படி சிம்பதெட்டிக் (அடிதடிக்கு உடம்பைத் தயார் செய்யும் மண்டலம்), முனையில் வெளிவருவதோ அசிட்டைல்கோலின். எனவே அது சிம்பதெட்டிக், ஆனால் கோலினெர்ஜிக். இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் புதுச்சொல் தேவைப்பட்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1946இல் உல்ஃப் ஃபோன் ஆய்லர் காட்டியது போல, பாலூட்டிகளின் சிம்பதெட்டிக் நரம்பு முனையில் பெரும்பாலும் வெளிவருவது அட்ரினலினுக்கு நெருங்கிய வேறொரு பொருளான நார்அட்ரினலின். பெயர் மாறவில்லை. ஆக, ‘அட்ரினெர்ஜிக் நரம்பு’ அட்ரினலினை வெளியிடும் நரம்பு அல்ல. சொல்லைப் பிரித்துப் பார்த்துப் பொருள் எடுப்பவர்கள் சறுக்கும் இடம் இது.

உங்கள் வரிக்கு: ‘ஆல்ஃபா-1 அட்ரினலின் ஏற்பித் தடுப்பான்’. பிரிட்டிஷ் நூல்களில் ‘அட்ரினோசெப்டார்’ என்று இதற்கே ஒரு சொல் உண்டு, பொருள் ஒன்றுதான்.

சொல்தேடி | பதிவு 3

நன்றி. ‘அட்ரினெர்ஜிக் டிரக்’ என்று தனியாக வந்தால்? தூண்டுமா, தடுக்குமா?

மாத்திரைப்பெட்டி | பதிவு 4

தனியாக வந்தால் தூண்டுவது என்று கொள்வதே வழக்கம். ஆனால் கூட நிற்கும் சொல்லைப் பார்க்காமல் மொழிபெயர்க்கக் கூடாது. ‘அட்ரினெர்ஜிக் அகோனிஸ்ட்’ ஏற்பியைத் தூண்டும்: சால்புடமால், ஃபினைல்எஃப்ரின். ‘அட்ரினெர்ஜிக் பிளாக்கர்’ ஏற்பியில் போய் உட்கார்ந்து வழியை மறிக்கும்: பிராசோசின், புரோபிரனோலால். ‘அட்ரினெர்ஜிக் நியூரான் பிளாக்கர்’ இந்த இரண்டிலும் சேராது. குவானெத்திடின் போல, நரம்பு முனையிலிருந்து நார்அட்ரினலின் வெளிவருவதையே நிறுத்தும். ஒரே ஒரு சொல் நடுவில் விழுந்தால் மருந்து வேலை செய்யும் இடமே மாறிவிடுகிறது. ‘அட்ரினெர்ஜிக் தடுப்பான்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் பின்னிரண்டும் ஒன்றாகிவிடும்.

ஆல்ஃபா, பீட்டா என்ற பிரிவு 1948இல் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் செய்தது. அது நோயாளிக்குப் பயன்படுவது பக்கவிளைவைப் புரிந்துகொள்ளத்தான். பீட்டா-1 இதயத்தில், பீட்டா-2 மூச்சுக்குழலில், ஆல்ஃபா-1 ரத்தக்குழாய்ச் சுவரிலும் புராஸ்டேட்டிலும். சால்புடமால் உறிஞ்சியதும் கை நடுங்குவது எலும்புத்தசையிலும் பீட்டா-2 இருப்பதால். டாம்சுலோசின் போட்டவர் சடாரென எழுந்தால் தலைசுற்றுவது ரத்தக்குழாயிலும் ஆல்ஃபா-1 இருப்பதால். துண்டறிக்கையில் ‘மெதுவாக எழுந்திருங்கள்’ என்ற வரிக்குக் காரணம் இதுதான். கண்புரை அறுவைக்கு முன் கண் மருத்துவரிடம் இந்த மாத்திரை பற்றிச் சொல்ல வேண்டும் என்ற வரியையும் விட்டுவிடாதீர்கள். கண்பாவையை விரிக்கும் கருவிழிப்படலத் தசையிலும் அதே ஆல்ஃபா-1தான், அறுவையின்போது அந்தப் படலம் தொளதொளத்துவிடும்.

உரைதிருத்தி | பதிவு 5

சிம்பதெட்டிக் என்றதும் ‘பரிவு நரம்பு மண்டலம்’ என்று எழுதுகிறோம். பாடநூலில் நிலைத்துவிட்ட சொல், மாற்றச் சொல்லவில்லை. ஆனால் பொதுவாசகருக்கு எழுதும்போது ஒரு வரி விளக்கம் கட்டாயம் வேண்டும். மூலச்சொல்லில் இருந்த எண்ணம் உறுப்புகள் ஒன்றோடொன்று இசைந்து நடக்கின்றன என்பது. பரிவு என்றால் நமக்கு இரக்கம். அடிதடிக்கு உடம்பைத் தயார் செய்யும் மண்டலத்துக்கு இரக்கத்தின் பெயர்!

இதைவிட மோசமானது ‘ஃபைட் ஆர் ஃப்ளைட்’ என்பதைச் ‘சண்டையிடுதல் அல்லது பறத்தல்’ என்று எழுதுவது. அந்த ஃப்ளைட் பறப்பதல்ல, தப்பி ஓடுவது. ‘எதிர்த்து நில் அல்லது ஓடு’ என்றால் முடிந்தது.

யாழ்க்குறிப்பு | பதிவு 6

இலங்கைப் பாடநூல் மரபிலை ‘அதிரீனலின்’ எண்டுதான் எழுதுவினம். டகரத்தைத் தவிர்த்து எழுதுற பழைய கலைச்சொல் வழக்கம் அது. இரண்டு நாட்டு ஆக்களும் வாசிக்கப்போற துண்டறிக்கை எண்டால் முதல் தரம் ‘அட்ரினலின், அதாவது அதிரீனலின்’ எண்டு ஒருக்கால் சேர்த்துப் போடுங்கோ. பிறகு ஒண்டையே கடைசிவரை வைச்சிருங்கோ. இடையிலை மாத்தினால் ரெண்டு மருந்தெண்டு நினைச்சுப்போடுவினம்.

மயக்கவாசல் | பதிவு 7

எபிநெஃப்ரின் கேள்வி அப்படியே நிற்கிறது. இரண்டும் ஒரே மூலக்கூறு. கிரேக்கத்தில் ‘எபி’ மேலே, ‘நெஃப்ரோஸ்’ சிறுநீரகம். லத்தீன் பெயர் சொல்வதையே கிரேக்கப் பெயரும் சொல்கிறது.

இரண்டு பெயர் வந்த கதை வணிகக் கதை. 1890களின் இறுதியில் ஜான் ஜேக்கப் ஏபல், தான் பிரித்தெடுத்ததற்கு எபிநெஃப்ரின் என்று பெயர் வைத்தார். உண்மையில் அவர் கையில் இருந்தது பென்சாயில் சேர்ந்த ஒரு வழிப்பொருள், தூய ஹார்மோன் அல்ல. தூய படிகமாக அதைப் பெற்றவர்கள் ஜோகிச்சி தகாமினேயும் அவருடைய உதவியாளர் கெய்சோ உவேனகாவும். 1901இல் பார்க்-டேவிஸ் நிறுவனம் அதை ‘அட்ரினலின்’ என்ற வணிகப் பெயரில் விற்றது. ஆங்கில எழுத்தில் கடைசி ‘இ’ இல்லாத பெயர் அது. வணிகப் பெயரைப் பொதுப்பெயராக எழுதக் கூடாது என்பதால் அமெரிக்கா எபிநெஃப்ரினில் நின்றது, பிரிட்டன் ‘இ’ சேர்த்த அட்ரினலினை எடுத்துக்கொண்டது. உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் பொதுப்பெயர் எபிநெஃப்ரின். ஜப்பான் 2006இல் தன் மருந்துநூலில் அட்ரினலினுக்குத் திரும்பியது. இந்தியக் குப்பிகளில் இருப்பது அட்ரினலின். ஆக, தமிழில் அட்ரினலின் என்றே எழுதுங்கள்.

அமெரிக்காக்காரர்களுக்கும் ஏற்பி என்று வரும்போது ‘அட்ரினெர்ஜிக்’தான். ‘எபிநெஃப்ரினெர்ஜிக்’ என்று யாரும் சொல்வதில்லை. வாயில் நுழையாது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பெயரை விடவும் ஆபத்தான சொல்வழக்கு ஒன்று இருக்கிறது: விகிதம். ‘1:1000’ என்றால் 1000 மி.லி.யில் 1 கிராம், அதாவது மி.லி.க்கு 1 மி.கி. ‘1:10,000’ என்றால் மி.லி.க்கு 0.1 மி.கி. பின்னால் இருக்கும் எண் பெரிதானால் மருந்து நீர்த்தது. அவசரத்தில் மூளை இதைத் தலைகீழாகப் படிக்கும். 2016இல் அமெரிக்கா, அட்ரினலின் மட்டும் உள்ள ஊசிகளின் லேபிளிலிருந்து விகிதத்தை எடுத்துவிட்டு மி.கி./மி.லி. மட்டும் போடச் சொன்னது. நீங்களும் மொழிபெயர்ப்பில் விகிதத்தை மட்டும் தனியாக விடாதீர்கள். ‘1:1000, ஒரு மி.லி.யில் 1 மி.கி.’ என்று இரண்டையும் எழுதுங்கள்.

இந்த இரண்டு கரைசல்களின் வேறுபாடு உயிர்போகும் வேறுபாடு. ஒவ்வாமை அதிர்ச்சியில் பெரியவருக்கு 0.5 மி.கி., அதாவது 1:1000 கரைசலில் 0.5 மி.லி., தொடையின் முன்புற-வெளிப்பக்கத் தசையில். குழந்தைக்கு கிலோவுக்கு 0.01 மி.கி. சரியாகாவிட்டால் 5 நிமிடத்தில் மறுபடி. இதயம் நின்றுவிட்டால் பெரியவருக்கு 1 மி.கி. சிரை (ரத்தநாளம்) வழி, 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை. இங்கே 1:10,000 கரைசல் 10 மி.லி. இரண்டாவதை நினைத்துக்கொண்டு, நாடித்துடிப்பு உள்ள ஒவ்வாமை நோயாளிக்கு 1 மி.கி.யைச் சிரையில் தள்ளினால் ரத்த அழுத்தம் எகிறும், இதயத்துடிப்பு தாறுமாறாகும், நுரையீரலில் நீர் கோக்கும். மருந்து ஒன்றுதான், சொல்லாமல் விட்டது ‘எந்த வழி’ என்பதை.

ஊசிக்குழல் | பதிவு 8

மயக்கவாசல் டாக்டர் சொன்னதோட வார்டு பக்கத்தையும் சேர்க்கணும். ‘ஒரு ஆம்பூல் அட்ரி போடுங்க சிஸ்டர்’ங்கறது ஆர்டரே இல்ல. எத்தனை மி.கி., எந்த வழி, நீர்த்ததா நீர்க்காததா, மூணும் வரணும். கேட்டவங்க திருப்பிச் சொல்லணும்: ‘அட்ரினலின் அரை மில்லிகிராம், தொடைத் தசையில, நீர்க்காம’. அவர் ‘ஆமா’ன்னதும்தான் ஊசி போகணும்.

‘அட்ரி’, ‘அட்ரோ’ன்னு சுருக்குறதும் வேண்டாம். அட்ரோபின்ங்கறது வேற மருந்து, அதோட ஆம்பூலும் 1 மி.லி.தான், அதுல இருக்கறது 0.6 மி.கி. டிரேயில ரெண்டும் பக்கத்துல பக்கத்துல கிடக்கும். தசையைத் தளர்த்துற அட்ராக்யூரியம் ஃப்ரிட்ஜுல இருக்கும்ங்கறதால கொஞ்சம் தப்பிச்சோம்.

1:10,000 ரெடியா இல்லாத இடத்துல: 10 மி.லி. சிரிஞ்சுல முதல்ல 9 மி.லி. நார்மல் சலைன், அப்புறம் 1 மி.லி. ஆம்பூல் முழுசும். தலைகீழா ரெண்டு தடவை புரட்டிக் கலக்கணும். உடனே லேபிள்: ‘அட்ரினலின், 1 மி.லி.யில் 0.1 மி.கி.’, நேரம், கையெழுத்து. லேபிள் இல்லாத சிரிஞ்ச் சலைன் மாதிரியேதான் இருக்கும். யாராவது அதை எடுத்து டிரிப் லைனைக் கழுவ (ஃப்ளஷ்) ஏத்திடுவாங்க.

தொடையில போடுறதுக்கு இன்சுலின் சிரிஞ்ச் எடுக்கவே கூடாது. ஊசி குட்டை, கொழுப்போட நின்னுடும், தசைக்குப் போகாது. அதோட நம்ம ஊர்ல யூ-40, யூ-100 ரெண்டும் புழங்குது. யூ-40ல 20 கோடு அரை மி.லி., யூ-100ல 50 கோடு அரை மி.லி. பதட்டத்துல எந்தக் கோடுன்னு யார் பாக்கறது? 1 மி.லி. சிரிஞ்ச், 23 கேஜ், 25 மி.மீ. ஊசி.

ஆம்பூல் நிறத்தையும் பாருங்க. தண்ணி மாதிரி இருக்கணும். இளஞ்சிவப்போ பழுப்போ தட்டினா தூக்கிப் போடணும். வெளிச்சத்துலயும் காத்துலயும் ஆக்சிஜனேற்றம் ஆகி அட்ரினோகுரோமா மாறுது, வேலை செய்யாது. ஆம்பூல் பழுப்புக் கண்ணாடியில வர்றதே அதுக்குத்தான். சோடா பைகார்பனேட் ஓடுற லைன்லயும் விடாதீங்க. காரத்துல கெட்டுப்போகும்.

மயக்கவாசல் | பதிவு 9

> ஊசி குட்டை, கொழுப்போட நின்னுடும்

மிகச் சரி சிஸ்டர். 1998இல் குழந்தைகளிடம் அளந்து பார்த்த ஆய்வில், தொடைத் தசையில் போட்டபோது ரத்தத்தில் உச்ச அளவு சுமார் 8 நிமிடத்தில் வந்தது, தோலுக்கடியில் போட்டபோது சுமார் 34 நிமிடம். காரணமும் மருந்தின் செயலுக்குள்ளேயே இருக்கிறது. ஆல்ஃபா செயலால் தோலடி ரத்தக்குழாய்கள் சுருங்கி, மருந்து தன் வழியைத் தானே அடைத்துக்கொள்கிறது. தசையின் ரத்தக்குழாய்களில் பீட்டா-2 அதிகம், அவை விரியும்.

கடைவாய் | பதிவு 10

பல் மருத்துவத்தில் விகிதம் இன்னும் ஒழியவில்லை. மரத்துப்போக வைக்கும் லிக்னோகெய்ன் 2 சதவீதத்தோடு அட்ரினலின் 1:80,000, அல்லது 1:1,00,000, அல்லது 1:2,00,000. மைக்ரோகிராமில் சொன்னால் மி.லி.க்கு 12.5, 10, 5. லேபிளில் ‘1:200,000’ என்று மேலைநாட்டுக் காற்புள்ளி, நம் கையெழுத்தில் ‘1:2,00,000’. வேகமாகப் படிப்பவர் ஒரு சுழியை விழுங்கிவிடுவார். மருந்துச் சீட்டில் மைக்ரோகிராமை முழுச்சொல்லாக எழுதுவது நல்லது, சுருக்கினால் மி.கி. என்று படித்துவிடுவார்கள். அது ஆயிரம் மடங்குப் பிழை.

இதய நோயாளிக்கு ஒரு அமர்வில் அட்ரினலின் 0.04 மி.கி.க்கு மேல் வேண்டாம் என்பது வழக்கமான வரம்பு. 1:80,000 கரைசலில் அது 3.2 மி.லி. ஆரோக்கியமானவருக்கு 0.2 மி.கி.

மொழிபெயர்ப்பாளருக்கு: நோயாளியிடம் கேட்கும் கேள்வித்தாளில் ‘பீட்டா பிளாக்கர் எடுக்கிறீர்களா?’ என்று மட்டும் இருந்தால் ‘இல்லை’ என்றுதான் டிக் விழும். ‘படபடப்பு, பிரஷர், ஒற்றைத் தலைவலி, கைநடுக்கம் இவற்றுக்கு மாத்திரை உண்டா?’ என்று கேளுங்கள். புரோபிரனோலால் என்ற பீட்டா பிளாக்கர் போடுபவருக்கு அட்ரினலின் போனால் பீட்டா-2 வழி அடைபட்டிருக்கும், ஆல்ஃபா மட்டும் தனியாக நின்று வேலை செய்யும். ரத்தக்குழாய் சுருங்கி அழுத்தம் ஏறும், துடிப்பு இறங்கும்.

மாத்திரைப்பெட்டி | பதிவு 11

அதன் மறுபக்கம்: அப்படிப்பட்டவருக்கே ஒவ்வாமை அதிர்ச்சி வந்தால், அட்ரினலினுக்கு அவர் உடம்பு இணங்காமல் போகலாம். அப்போது குளுக்ககான் என்ற ஹார்மோன் 1 முதல் 5 மி.கி. சிரையில் மெதுவாக, 5 நிமிடத்துக்கு மேல் எடுத்துக் கொடுப்பார்கள். அது பீட்டா ஏற்பியைத் தொடாமல் இதயத்தைத் தூண்டும். குளுக்ககான் கொடுப்பதால் அட்ரினலினை நிறுத்திவிடக் கூடாது.

கேள்விக்கணை | பதிவு 12

இடையில் ஒன்று. ‘அட்ரினல் க்ரைசிஸ்’ என்றால் அட்ரினலின் தீர்ந்துபோய் வருவதுதானே? அப்புறம் இணையத்தில் ‘அட்ரினல் ஃபெட்டிக்’ என்று விற்கும் மாத்திரை அதற்குத்தானா?

மாத்திரைப்பெட்டி | பதிவு 13

இல்லை. இந்த இழை ஏன் தேவை என்பதற்கு உங்கள் கேள்வியே உதாரணம். அட்ரினல் க்ரைசிஸில் தீர்ந்துபோவது புறணியின் கார்டிசோல், பல நேரம் அல்டோஸ்டிரோனும் சேர்ந்து. 1855இல் தாமஸ் அடிசன் விவரித்த, அண்ணீரகம் செயலிழக்கும் நோயின் உச்சகட்டம் அது. நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை போட்டுவிட்டு ஒரேயடியாக நிறுத்தியவர்களுக்கும் வரும். மருந்து ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. உடனே, கூடவே சலைன். அட்ரினலினை மட்டும் ஏற்றிக்கொண்டிருந்தால் அழுத்தம் சரியாகப் பிடிக்காது, ஏனென்றால் கார்டிசோல் இல்லாமல் ரத்தக்குழாய்கள் அட்ரினலினுக்குச் செவிசாய்ப்பதே குறைவு. தமிழில் ‘அண்ணீரக நெருக்கடி’ என்றோ ‘கார்டிசோல் நெருக்கடி’ என்றோ எழுதலாம். ‘அட்ரினலின் நெருக்கடி’ என்று எழுதினால் கொலைக்குற்றம்.

‘அட்ரினல் ஃபெட்டிக்’ நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட நோயே அல்ல. அந்தப் பெயரில் விற்பதைப் பற்றிப் பேச எதுவும் இல்லை.

உரைதிருத்தி | பதிவு 14

நார்அட்ரினலினில் ‘நார்’ என்ன? நம் பூ நார் இல்லை என்பது மட்டும் தெரிகிறது.

மாத்திரைப்பெட்டி | பதிவு 15

வேதியியல் முன்னொட்டு. ஒரு மெத்தில் தொகுதி குறைவு என்று பொருள். அட்ரினலினில் நைட்ரஜனோடு ஒட்டியிருக்கும் மெத்தில் இதில் இல்லை. உடம்பில் முதலில் உருவாவது நார்அட்ரினலின், அண்ணீரக அகணியில் ஒரு நொதி அதற்கு மெத்திலைப் பூட்டி அட்ரினலினாக்குகிறது. அந்த நொதியை முடுக்கிவிடுவது பக்கத்துப் புறணியிலிருந்து வழிந்துவரும் கார்டிசோல். இரண்டு தனித்தனிச் சுரப்பிகள் ஒரே உறைக்குள் ஒட்டிக்கொண்டிருப்பதில் இப்படி ஒரு லாபம்.

ஊசியில் ஒரு கவனம்: நார்அட்ரினலின் லேபிளில் உப்பின் எடையா, மூலத்தின் (உப்பாகச் சேராத மருந்தின்) எடையா என்று பாருங்கள். பைடார்ட்ரேட் உப்பு 2 மி.கி. என்றால் மூலம் சுமார் 1 மி.கி.தான். அட்ரினலினிலும் பைடார்ட்ரேட் 1.8 மி.கி. என்பது மூலம் 1 மி.கி.க்குச் சமம். 1.8ஐப் பார்த்து ‘இது வீரியம் கூடிய குப்பி’ என்று நினைக்கக் கூடாது.

சொல்தேடி | பதிவு 16

திருத்திய வரைவு:

‘டாம்சுலோசின் ஒரு ஆல்ஃபா-1 அட்ரினலின் ஏற்பித் தடுப்பான். புராஸ்டேட், சிறுநீர்ப்பைக் கழுத்து ஆகியவற்றின் தசையைத் தளர்த்தி, சிறுநீர் எளிதாகப் போக உதவுகிறது. அண்ணீரகச் சுரப்பியின் வேலையை இது பாதிப்பதில்லை. உட்கார்ந்தோ படுத்தோ இருந்தால் மெதுவாக எழுந்திருங்கள். கண்புரை அறுவை திட்டமிட்டிருந்தால் இந்த மருந்தைப் பற்றிக் கண் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.’

உரைதிருத்தி | பதிவு 17

மூன்றாவது வரியை எடுத்துவிடுங்கள். முதல் வரி சரியாக இருக்கும்போது, நோயாளிக்குத் தோன்றாத பயத்தை நாமே கிளப்பிவிட்டுப் பிறகு தணிக்க வேண்டியதில்லை. ‘ஒரு ஆல்ஃபா’ என்பது ‘ஓர் ஆல்ஃபா’.

மாத்திரைப்பெட்டி | பதிவு 18

ஒப்புக்கொள்கிறேன். அந்த இடத்தில் ‘தினமும் ஒரே நேரத்தில், ஒரே வேளை உணவுக்குப் பின் சுமார் அரைமணி கழித்து, கேப்சூலை உடைக்காமல் மெல்லாமல் விழுங்கவும்’ என்று போடுங்கள். சில நாள் விட்டுவிட்டு மறுபடி தொடங்குபவருக்கும் முதல் நாள் போலவே தலைசுற்றல் வரலாம். அதையும் ‘மெதுவாக எழுந்திருங்கள்’ வரியோடு சேர்த்துவிடுங்கள்.